எடைக்கல்லை வேகவைத்து அளப்பது எப்படி

எல்லார் வீட்டிலும் இட்லி வேகும், முட்டை வேகும். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடைக்கல் வேகும். துணி காயப்போட வரும் கீழ்வீட்டு அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "இன்னும் வேகலையா டீச்சர்?" என்று கேட்காமல் இறங்க மாட்டார். பல வருஷக் கேலி அது. எனக்கும் பழகிவிட்டது.

நான் டீச்சர் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக 19 வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவியவள். இப்போது வீட்டில் டியூஷன் எடுப்பதால் பிள்ளைகள் டீச்சர் என்கிறார்கள். வருகிற பிள்ளைகளுக்கு தன் வெப்ப ஏற்புத்திறன் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்: ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். சரிதான். உடனே நான் இன்னொன்று கேட்பேன். "ஒரே எடையில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அலுமினியத் துண்டு. ரெண்டையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, தனித்தனி டம்ளர் தண்ணியில போட்டா, எந்த டம்ளர் அதிகமா சூடாகும்?"

இதுவரை முக்கால்வாசிப் பேர் இரும்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரும்பு என்றால் கெத்து. அலுமினியம் என்றால் சப்பை. எடை ஒன்றுதான் என்று நான் சொன்னதைக் காது வாங்கியிருக்காது. அப்புறம் செய்து பார்த்தால் அலுமினிய டம்ளரில் வெப்பநிலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருக்கும். அந்த முகங்களைப் பார்க்கத்தான் இந்த வேலையே செய்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

சாமான்

ஆய்வகத் தராசு வேண்டாம். எடைக்கல்லே எடை தெரிந்த உலோகம்தானே. பழைய பேப்பர் கடையிலோ, எலெக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்ட மளிகைக்கடையிலோ கேளுங்கள். 200 கிராம் இரும்பு எடைக்கல் ஒன்று கிடைக்கும். அறுகோணமாக இருக்கும். அதில் ஒரு குழியில் ஈயம் வைத்து முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தத் துளி ஈயத்தால் நம் கணக்கு பெரிதாகக் கெடாது. பித்தளையிலும் 200 கிராம் கல் உண்டு, தலையில் குமிழ் வைத்தது. நூல் கட்ட வசதி.

அலுமினியத்துக்கு லேத் பட்டறைதான். 40 மில்லிமீட்டர் ரவுண்டு ராடில் 5.9 சென்டிமீட்டர் வெட்டச் சொன்னால் 200 கிராமுக்கு ஓரிரு கிராம் முன்பின் வரும். என் தம்பி வியாசர்பாடியில் லேத் ஓட்டுகிறான், வெட்டிக் கொடுத்தபோது, "இது எதுக்குக்கா, அம்மியா?" என்றான்.

நான்காவது துண்டு எங்கள் அப்பாவுடையது. அவர் காசிமேட்டில் தூண்டில் கயிறு போட்டவர். கயிற்றின் அடியில் கட்டும் ஈயக்குண்டில் ஒன்றைக் கத்தியால் சீவிச் சீவி 200 கிராமுக்குக் கொண்டுவந்து தந்தார். ஈயம் நஞ்சு. அதை வேகவைக்கும் டப்பாவில் பிறகு எதையும் சமைக்கக் கூடாது, தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். நான் அதற்கென்று ஒரு பழைய பால்பவுடர் டப்பா வைத்திருக்கிறேன். மேலே சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ஈயத்தை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றே போதும்.

தண்ணீர் ஊற்ற ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர், மோர் குடிக்கிற சைஸ். என்னுடையது 80 கிராம். அதைப் பழைய பருத்தித் துணியால் நாலு சுற்று சுற்றி, கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள் இறுக்கமாக உட்கார வையுங்கள். மூடுவதற்கு அட்டை, அதில் தெர்மாமீட்டருக்கு ஒரு ஓட்டை, நூலுக்கு ஒரு கீறல். புத்தகத்தில் கலோரிமீட்டர் என்று படம் போட்டிருப்பதும் இதுதான், அங்கே கொஞ்சம் பளபளப்பாக இருக்கும்.

தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அதன் அளவு 42, 43 டிகிரியோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு. ஈயம் தண்ணீரை மொத்தமே 2 டிகிரிதான் ஏற்றும், அதை ஒரு டிகிரி கோட்டில் எப்படிப் படிப்பது? சமையலுக்கு என்று விற்கும் ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், 0.1 டிகிரி காட்டுவது, வாங்குங்கள்.

செய்முறை

மண்பானைத் தண்ணீரை எடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். 200 மில்லி அளந்து டம்ளரில் ஊற்றி, மூடி, ஊசியைச் செருகி விட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். எடைக்கல்லை நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது, அடித்தகடு தண்ணீரைவிடச் சூடு. பத்து நிமிஷம் விடுங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சௌகரியம்: கொதிநீர் என்றால் 100 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஊட்டிக்காரர்கள் இப்படி எழுத முடியாது, அங்கே 90-களிலேயே கொதித்துவிடும்.

டம்ளரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் 30.0 என்று இருக்கிறது. இனி செய்வது சுருக்காக நடக்க வேண்டும். நூலைப் பிடித்துக் கல்லைத் தூக்கி, பாத்திரத்துக்கு மேலேயே மூன்று உதறு. மடித்து வைத்த பருத்தித் துண்டில் ஒரு ஒற்று. உடனே டம்ளருக்குள் இறக்கி மூடி. மொத்தம் நாலு விநாடிக்கு மேல் போகக் கூடாது. தூக்கிப் போட்டால் தண்ணீர் தெறித்து வெளியே போகும், அதனால் இறக்குங்கள். கல் ஊசியில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நூலைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். கரண்டி போட்டுக் கலக்காதீர்கள். கரண்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பத்தைக் குடிக்கும். எண் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து இறங்க ஆரம்பிக்கும். நின்ற எண்தான் வேண்டும். இரும்புக்கு எனக்கு வந்தது 36.4.

ஒரு கல் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாகப் பானைத் தண்ணீர் எடுத்து அடுத்ததை ஆரம்பியுங்கள். பழைய தண்ணீரிலேயே தொடரும் சோம்பேறிகள் என் டியூஷனில் உண்டு.

கணக்கு

ஜூல், கிலோகிராம் எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறனை 1 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாம் அதில் எத்தனை பங்கு என்று பார்த்தால் போதும்.

கல் இழந்த வெப்பம் எங்கே போனது? தண்ணீருக்கும் டம்ளருக்கும். 200 மில்லி தண்ணீர் 200 கிராம். டம்ளர் 80 கிராம்தான், ஆனால் எவர்சில்வரின் மதிப்பு தண்ணீரில் 0.12 பங்கு. ஆக 80 கிராம் டம்ளர் 10 கிராம் தண்ணீருக்குச் சமம். மொத்தம் 210. இந்தப் பத்தை மறந்தால் விடை 5 சதவீதம் குறையும்.

தண்ணீர்ப் பக்கம் ஏறியது 6.4 டிகிரி, 210 பெருக்கல் 6.4 என்றால் 1344. கல் 100-லிருந்து 36.4-க்கு இறங்கியது, 63.6 டிகிரி. 200 பெருக்கல் 63.6 என்றால் 12,720. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.106. அதாவது இரும்பு தண்ணீரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். புத்தகத்தில் உள்ளது 0.107. மோர் டம்ளருக்கு இது போதாதா?

அலுமினியம் 41.5 வரை ஏற்றியது. அதே வழியில் 0.206; புத்தகம் 0.215 என்கிறது. பித்தளை 35.5, கணக்கு 0.090. அப்பாவின் ஈயம் 32.0-வில் நின்றுவிட்டது: 0.031. முதல் தடவை ஈயத்தைப் போட்டபோது ஒரு பையன், "இன்னா டீச்சர், கொதிக்கக் கொதிக்கப் போட்டும் தண்ணி சுடவே இல்ல, டூப்பா?" என்றான். டூப் இல்லை. 100 டிகிரியில் இருந்தது உண்மைதான், அதன் கையில் கொடுப்பதற்குச் சரக்குதான் இல்லை. வெப்பநிலையும் வெப்பமும் வேறு வேறு என்று கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760-களில் பிரித்துக் காட்டும் வரை படித்தவர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பையனை மட்டும் சொல்லிப் பயனில்லை.

ஜூலில் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொன்றையும் 4.18-ஆல் பெருக்குங்கள். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற தண்ணீருக்கு 4.18 ஜூல், அலுமினியத்துக்கு 0.90, இரும்புக்கு 0.45, பித்தளைக்கு 0.38, ஈயத்துக்கு 0.13. பரீட்சைக்கு எழுதும்போது கிலோகிராம் கணக்கில் தண்ணீருக்கு 4180 என்று வரும்.

எங்கே தப்பும்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு வருஷம் ஒரு பையன் எடைக்கல் கிடைக்கவில்லை என்று 200 கிராம் நட்டு போல்ட்டைக் கோத்துக்கொண்டு வந்தான். இரும்புதானே, போடு என்றேன். 37.8 வந்தது. கணக்குப் போட்டால் 0.13. புத்தகத்தைவிட நாலில் ஒரு பங்கு அதிகம். இரண்டாம் தடவையும் அதேதான். "டீச்சர், இது வேற இரும்பு" என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

இரும்பு அதே இரும்பு. மரையின் இடுக்கிலெல்லாம் கொதிநீர் தங்கி அதுவும் கூடவே வந்திருக்கிறது. ஒரு ஸ்பூன், 5 மில்லி இருந்திருக்கும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் இரும்பைப்போல் ஒன்பது, பத்து மடங்கு வெப்பம் சுமக்கும். 5 கிராம் கொதிநீர் கிட்டத்தட்ட 47 கிராம் இரும்புக்குச் சமம். 200 கிராம் இரும்பு என்று எண்ணி அவன் போட்டது 247 கிராம். உதறு, ஒற்று என்று நான் உயிரை வாங்குவது இதற்குத்தான். மழமழவென்று இருக்கும் துண்டையே தேர்ந்தெடுங்கள். நட்டு போல்ட்தான் இருக்கிறது என்றால் ஒரு சின்ன உலர்ந்த டப்பாவில் போட்டு மூடி, அந்த டப்பாவைக் கொதிநீரில் அரை மணி நேரம் நிறுத்தி, உலர்ந்தபடியே கவிழ்த்துக் கொட்டலாம்.

எதிர்ப்பக்கம் தப்புவது, ஒற்றுகிறேன் என்று துண்டில் போட்டுப் புரட்டுவது. அதற்குள் கல் ஐந்தாறு டிகிரி ஆறிவிடும், விடை குறைந்து வரும். மாடியில் கடற்காற்று அடித்தால் இன்னும் மோசம். கைப்பிடிச் சுவரை ஒட்டி, காற்று மறைவாக உட்காருங்கள். அதே சமயம் அடுப்பும் டம்ளரும் ஒட்டி இருக்கக் கூடாது, அடுப்பின் அனல் டம்ளரைச் சூடாக்கும். ஒரு கை நீட்டும் தூரம் சரி.

ஐஸ் தண்ணீரில் செய்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியுமே என்று எல்லாருக்கும் ஒரு யோசனை வரும். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கும் வந்தது. டம்ளரில் ஐஸ் துண்டு மிதக்க மிதக்கக் கல்லைப் போட்டு, கண்டபடி விடை வந்து, தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். ஐஸ் உருகுவது தனிக் கணக்கு. ஒரு கிராம் ஐஸ் வெப்பநிலை ஏறாமலே, உருகுவதற்கு மட்டும் 334 ஜூல் விழுங்கும். 5 கிராம் மிதந்தாலே நம் டம்ளர் முழுவதையும் 2 டிகிரி இறக்கிவிடும். காசிமேட்டில் பெட்டி மீன் மேல் ஐஸ் கொட்டுவதும் அந்த உள்ளுறை வெப்பத்துக்காகத்தான். வெறும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் மீன் தாங்காது.

இப்போது மண்பானை. என் மாடியில் அன்று நிழலில் 33 டிகிரி. பானைத் தண்ணீர் 30. கல் போட்டபின் 36-ஐ ஒட்டி. தண்ணீர் முதல் பாதியில் காற்றைவிடக் குளிர்ச்சி, வெளியிலிருந்து கொஞ்சம் வெப்பம் வாங்கும். பின் பாதியில் காற்றைவிடச் சூடு, கொஞ்சம் வெளியே விடும். வரவும் செலவும் ஏறத்தாழ நேர். ரம்ஃபோர்டு என்பவர் சொல்லிக்கொடுத்த பழைய தந்திரம் இது. காற்று எவ்வளவோ அதற்கு 3 டிகிரி கீழே ஆரம்பித்து 3 டிகிரி மேலே முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரை எடுத்தால் இந்தத் தந்திரம் நடக்காது, அது குழாயிலேயே வெந்நீராக வரும்.

ஏன் இப்படி

200 கிராம் அலுமினியம், 200 கிராம் ஈயம். எடை ஒன்று. ஆனால் உள்ளே இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றா?

மீன் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ நெத்திலியில் நூற்றுக்கணக்கான தலை. வஞ்சிரத்தில் ஒரு கிலோ என்றால் சின்ன மீனாக ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். தலைக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தால் எந்தக் கூடைக்குச் செலவு அதிகம்? அலுமினிய அணுவின் எடை 27, ஈய அணுவின் எடை 207. ஒரே எடையில் அலுமினியத்தில் அணுக்கள் ஏழு மடங்குக்கும் மேல். நெத்திலிக் கூடை அது.

ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய ஒரே பங்கு வெப்பம்தான் கேட்கிறது என்று 1819-இல் டூலாங், பெட்டிட் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நம் மோர் டம்ளர் விடைகளையே எடுத்துப் பாருங்கள். அணு எடையால் பெருக்கினால் அலுமினியம் 5.6, இரும்பு 5.9, ஈயம் 6.4. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, இரண்டின் அணு எடையும் 64-ஐ ஒட்டித்தான், அதற்கு 5.8. எல்லாம் 6-ஐச் சுற்றியே நிற்கின்றன. ஆளுக்கொரு நோட்டில் தனித்தனியாகப் பெருக்கச் சொல்லிவிட்டு, எண்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். இந்த இடத்தில் மட்டும் மாடி அமைதியாகிவிடும்.

தண்ணீர் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் மூலக்கூறு எடை வெறும் 18, அதிலேயே மூன்று அணுக்கள், போதாததற்கு ஒன்றை ஒன்று கைகோத்துப் பிடித்திருக்கும். கொடுக்கிற வெப்பத்தில் ஒரு பகுதி அந்தப் பிடியைத் தளர்த்தவே போகும். அதனால்தான் அது மசிவதே இல்லை.

அம்மாவின் தோசைக்கல்

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கெட்டிக்காரப் பெண் கை தூக்குவாள். இரும்புக்கு அலுமினியத்தில் பாதிதான் என்றால், இரும்புத் தோசைக்கல் எப்படிச் சூட்டைப் பிடித்து வைக்கிறது?

என் அம்மா கல்மண்டபம் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போட்டவர். அவருக்கு ஜூல் தெரியாது. "கல்லு காயறதுக்குத்தான் நேரம் எடுக்கும், காஞ்சிடுச்சுன்னா அப்புறம் அது பாத்துக்கும்" என்பார். அந்த வாக்கியத்தை எண்ணாக மாற்றிப் பார்ப்போம்.

தன் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிராமுக்கு. நாம் தோசை ஊற்றுவது ஒரு கிராம் இரும்பின் மேல் இல்லை. அம்மாவின் கல் 10 கிலோ. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4500 ஜூல். வீட்டு அலுமினியத் தவா ஒரு கிலோ. ஒரு டிகிரிக்கு 900. ஒரு கரண்டி மாவு 80 கிராம் என்று வையுங்கள், பெரும்பகுதி தண்ணீர். அதை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 20 ஆயிரம் ஜூல். அதில் ஒரு 20 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் தோசை முறுகும், அதற்கு 45 ஆயிரம். மொத்தம் 65 ஆயிரம். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றினால் அம்மாவின் கல் 14, 15 டிகிரி இறங்கும். தவா 70 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும், அதாவது பாதி வேகும்போதே செத்துவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் நிஜத்தில் இவ்வளவு இறங்காது, ஆனால் அடுத்த தோசைக்குக் காத்திருக்கும் நேரம் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வருகிறது.

ஒரே பருமனுக்கு ஒரே பருமன் எடுத்தாலும் இரும்புதான் ஜெயிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.9 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். பெருக்கினால் இரும்புக்கு ஒரு டிகிரிக்கு 3.5 ஜூலுக்குச் சற்று மேல், அலுமினியத்துக்கு 2.4. கிராம் கணக்கில் தோற்றது கன சென்டிமீட்டர் கணக்கில் மிஞ்சிவிடுகிறது. எந்தக் கணக்கு என்று கேட்காமல் எது பெரிது என்று பதில் சொல்லக் கூடாது.

தோசைக்கு நடுவே அம்மா கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் சர்ரென்று இழுப்பார். சுத்தம் செய்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 20 மில்லி தண்ணீர் முழுசாக ஆவியானால் 50 ஆயிரம் ஜூலை எடுத்துக்கொண்டு போகும், 10 கிலோ கல் 11 டிகிரி இறங்கும். அதிகம் காய்ந்த கல்லில் மாவு ஒட்டாமல் சுருண்டு வரும், அதை அடக்குவதற்கான தெளிப்பு அது.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எவர்சில்வர் டம்ளரில் டீ வாங்கினால் விரல் சுடுவதும், மண் குவளையில் சுடாததும் வேறு சங்கதி. அது வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடந்து வருகிறது என்பது, வெப்பக் கடத்துத்திறன். தொட்டுப் பார்த்துத் தன் வெப்ப ஏற்புத்திறனைச் சொல்லவே முடியாது.

தெர்மாமீட்டர் வாங்கியாயிற்று என்றால்

எண்ணெயையும் பாருங்கள். ஒரே பாத்திரம், ஒரே சிறு தீ. 200 கிராம் தண்ணீர் 30-லிருந்து 60-க்கு வர எத்தனை நிமிஷம் என்று குறித்து, பாத்திரத்தை ஆறவைத்துத் துடைத்து, 200 கிராம் தேங்காய் எண்ணெயில் அதையே செய்யுங்கள். பாதிக்குச் சற்று முன்பின் நேரம் வரும். எண்ணெயின் மதிப்பு தண்ணீரில் அரைப் பங்கை ஒட்டி. 60 வந்ததும் இறக்கிவிடுங்கள். எண்ணெய் 100-இல் நிற்காது, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். ஈரப் பாத்திரத்தில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மணலும் தண்ணீரும் இதைவிடச் சுலபம். ஒரே மாதிரி இரண்டு டப்பா, ஒன்றில் 200 கிராம் உலர்ந்த மணல், ஒன்றில் 200 கிராம் தண்ணீர். காலை பத்து மணிக்கு வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊசியை வைத்துப் பாருங்கள். மணலின் மதிப்பு தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குதான், தாராளமாக ஏறியிருக்கும். ஆனால் ஐந்து மடங்கு வித்தியாசம் வராது. மணலில் மேல்பகுதி மட்டும் கொதிக்கும், அடி குளிர்ந்தே கிடக்கும். தண்ணீரோ தன்னைத்தானே கலக்கிக்கொள்ளும், கொஞ்சம் ஆவியாகவும் போகும்.

கரையில் நடப்பதும் இதுவே, பெரிய டப்பாவில். மே மாசம் மத்தியானம் திருவொற்றியூர்ப் பக்கம் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பத்தடி தள்ளி அலையில் நின்றால் சுகம். நிலம் காய்ந்து மேலே காற்று எழும்ப, கடலில் இருந்து காற்று உள்ளே வரும். அந்தக் கடற்காற்று சீக்கிரம் வந்த நாளில் நாம் பிழைத்தோம், தாமதமானால் வெயில் உச்சி மண்டையைப் பிளக்கும். இரவில் நிலம் சுருக்காக ஆறிவிடும், கடல் ஆறாது, காற்று திரும்பும். அப்பா இளவயதில் பாய்மரம் கட்டிய கட்டுமரத்தில் போனவர். விடிவதற்கு முன் கரைக்காற்றில் வெளியே போய், மத்தியானக் கடற்காற்றில் திரும்பி வருவார்களாம். என்ஜின் வந்தபின் அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை.

இந்த முறையால் முடியாதது ஒன்றும் இருக்கிறது. ஒரு பாட்டி, பூஜை மணி செம்பா பித்தளையா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். மோர் டம்ளரால் அதைச் சொல்ல முடியாது. செம்பு 0.092, பித்தளை 0.091. நம் பிழையே அதைவிடப் பெரியது. அதற்கு அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும், தண்ணீரில் முக்கி எவ்வளவு உயர்கிறது என்று. அதையே வெள்ளியா அலுமினியமா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன், வெள்ளி 0.056, நாலில் ஒரு பங்கு.

முடிந்ததும் இரும்புக் கல்லை அப்படியே டப்பாவில் போட்டு மூடாதீர்கள். எங்கள் பக்கம் காற்றில் உப்பு. மறுநாள் காலையில் சிவந்துவிடும். உடனே ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த ஞாயிறு வேகவைப்பதற்கு முன் அந்த எண்ணெயை சோப்பு போட்டு எடுத்துவிட வேண்டும்.